தம்பி பொண்ணைப் பாத்துட்டு வாங்க

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டுங்க, ஒண்ணும் ஆகாது. மாடியிலிருந்துதான அனுப்பிச்சாங்க? "கீழ போயி எங்க தம்பி பொண்ணைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்"னு சொல்லியிருப்பாங்களே. தெரியுங்க. வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்பிடி எறங்கி வர்றாங்க. உக்காருங்க. சேர் வேண்டாம், குழந்தைய வெச்சுட்டுச் சிரமம், கட்டில்லயே உக்காருங்க.

தனு இன்னும் வரலைங்க. தன்ஷிகான்னு பேரு, தனுன்னு கூப்புடறோம். ஸ்கூல் வேன் நாலேகாலுக்கு வரும். இருந்து பாத்துட்டே போங்க. பாக்காம மேல போனா டாக்டர் மாமா கேப்பாங்க. "கை மடிப்பைப் பாத்தீங்களா? முழங்காலுக்குப் பின்னாடி பாத்தீங்களா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாங்க.

காப்பி குடுக்க முடியாதுங்க, கோவிச்சுக்காதீங்க. மோர் தர்றேன். காப்பி வாசம் பட்டாலே மாமா குடுக்கற மருந்து முறிஞ்சு போயிருமாம். இந்த வீட்டுல காப்பி போட்டு ஆறு வருசம் ஆச்சு. சூடம்கூடக் கொளுத்தறதில்லைங்க, சாமிக்கு நெய் வெளக்கு மட்டுந்தான். எங்க வீட்டுக்காரர் காலைல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிக் குடிச்சுட்டு, வாயக் கொப்புளிச்சுட்டு வருவாங்க. நான் பொள்ளாச்சில தங்கச்சி வீட்டுக்குப் போனாத்தான். அங்க போனா மொத வேலை அதுதான்.

எந்த ஊர்லிருந்து வர்றீங்க? தாராபுரமா? ரெண்டு பஸ் மாறி வந்தீங்களாக்கும். குழந்தைக்கு ஒண்ணரை வயசா? அடடா, கன்னமெல்லாம் எப்பிடி ஆயிருக்குது பாருங்க. எங்க தனுவுக்கும் இப்பிடிக் கன்னத்துலதான் மொத மொத வந்துது. எட்டு மாசம். அப்புறம் கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடி, காதுக்குக் கீழ. காலைல பெட்சீட்டைப் பாத்தா புள்ளி புள்ளியா ரத்தம். ஒரு வயசுல முட்டை குடுத்தோம், உதடு ரெண்டும் வீங்கிப் போச்சு. கடலை ஆகாது. தூசி ஆகாது. ஒட்டடை அடிச்சா அவளை மூணாவது வீட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வரோணும்.

வைத்தியத்துக்கு அலையவே இல்லைங்க. எங்க அலையறது? வீட்டுலயே டாக்டர். மாமான்னா, எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவங்க. டாக்டர் தெய்வசிகாமணின்னா உடுமலைல தெரியாதவங்க இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஏழு வயசு இருக்கறப்பவே அப்பா தவறிட்டாங்க. மாமாவுக்கு அப்ப பத்தொம்பது. தம்பியத் தோள்ல தூக்கிட்டுப் போயிப் பள்ளிக்கூடத்துல உட்டதும் அவங்கதான், என்னையப் பொண்ணு பாத்து முடிவு பண்ணுனதும் அவங்கதான். இன்னைக்கும் எங்க வீட்டுக்காரர் அவங்க முன்னால உக்காந்து பேச மாட்டாங்க. மாமாவுக்கும் வசந்தாமணியக்காவுக்கும் குழந்தை இல்லைங்க. தனுதான் அவங்களுக்கு எல்லாமே. பெரியப்பா பெரியப்பான்னு அவளும் மாடியிலயேதான் கெடப்பா.

அவங்க ஹோமியோபதிங்க, வைத்தியம் பண்றதே தனி. சும்மா நாக்கை நீட்டுன்னு பாத்துட்டு எழுதிக் குடுக்கறவங்க இல்ல. தனுவுக்கு மொத மொதப் பாத்தப்ப என்னைய உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் கேட்டாங்க. குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுக்குது, உப்பு புடிக்குமா இனிப்பு புடிக்குமா, வேர்வை தலைலயா கால்லயான்னு. வயித்துல இருக்கறப்ப நீ ஏதாச்சும் மனசு சங்கடப்பட்டியா, அழுதியான்னு கேட்டாங்க. இல்லைங்க மாமான்னேன். எப்பிடிங்க சொல்றது? அழுதது இந்த வீட்டுலதான?

உங்ககிட்டயும் கேட்டாங்களா? எல்லாத்தையும் சொல்லீட்டீங்களா? நல்லது.

தனுவுக்கு ராத்திரிப் பயம் ஒண்ணு இருந்துது, அதையக் கேட்டுக்கோங்க. அது மாமா கை வச்சுதான் தீந்துது, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. தனுவுக்கு அஞ்சு வயசு முடியறப்ப. எட்டரை மணி ஆனாப் போதும், பாயை விரிச்சாப் போதும், மொகம் மாறிப் போயிரும். "அம்மா, லைட்டை அணைக்காத. அம்மா, பீரோவுக்குப் பின்னாடி யாரோ நிக்கறாங்க." பொழுதோட நல்லா வெளையாடிட்டு இருக்கற குழந்தை, படுக்கைன்னு சொன்னதும் என்ற சீலையப் புடிச்சுட்டு நடுங்குவா. நான் என்ன பண்ணுவேன்? ஒரு பக்கம் அரிப்பு வேற. சொறிஞ்சு சொறிஞ்சு தோலை உரிச்சுப் போடறா. அதனால ரெண்டு கையையும் பழைய பருத்தித் துணில சுத்தி, அலுங்காம, வலிக்காம, இடுப்போட சேத்துக் கட்டி உட்டுருவேன். ஒரு ஆறு மாசம் கட்டியிருப்பேன். நீங்க கட்டிப் பாத்தீங்களா? கட்டுங்க. காயம் ஆகாது.

அந்தப் பயத்துக்கு நான் பண்ணாத வேலை இல்ல. மந்திரிச்சேன். துன்னூறு பூசினேன். கடைசில மாமாகிட்டச் சொன்னேன். மாமா என்னைய வெளிய போகச் சொல்லிட்டு, தனுவை மடியில உக்கார வெச்சுட்டு அரை மணி நேரம் பேசினாங்க. என்ன பேசினாங்களோ. கதவைத் தெறந்துட்டு வந்து, "ரேணுகா, ஒரு மருந்து குடுத்திருக்கறேன். ரெண்டு உருண்டை, படுக்கறதுக்கு முன்னால. இன்னையிலிருந்து கையக் கட்டாத"ன்னாங்க. ஏன் மாமான்னேன். "யாராச்சும் வந்தா எப்பிடிப் பெரியப்பா ஓடறது, கை கட்டியிருக்குதேன்னு கேக்கறா"ன்னாங்க. குழந்தைக பேச்சு. சரின்னு கட்டறதை உட்டுட்டேன். காப்பி ஆகாது, சூடம் ஆகாதுங்கற மாதிரி இதுவும் ஒரு பத்தியமாட்ட இருக்கும், கட்டு இறுக்குனா மருந்து ஏறாதோ என்னமோன்னு.

நாலே நாள்ல பயம் போயிருச்சுங்க! வெள்ளை உருண்டை, கடுகத்தனை. அதுக்கு அத்தனை சக்தி. லைட்டை அவளே அணைச்சா. நான் என்ற கண்ணால பாத்தேன். அதனால மாமா மருந்து பொய்யின்னு என்னையால சொல்ல முடியாது. அதுதான் இதுல இருக்கற சிக்கலே. பொய்யின்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ சண்டை போட்டிருப்பேன்.

இருங்க, குழந்தை அழுகுது. தோள்ல போட்டுக்கோங்க. மோரு ஊத்தட்டுமா இன்னும் கொஞ்சம்?

பயம் போயிருச்சு. தோலு? அது போன வருச ஆடி மாசம். காத்து ஆரம்பிச்சுதுங்க, உடுமலைக் காத்துதான் உங்களுக்குத் தெரியுமே. மாமா மருந்தை மாத்தினாங்க. "இப்பக் கொஞ்சம் கூடும் ரேணுகா, பயந்துக்காத. உள்ள இருக்கறது வெளிய தள்ளுது. வெளிய வந்தாத்தான் போகும்"னாங்க. கூடுச்சு. மணிக்கட்டுல நீர் கோத்துச்சு. ஒரு வாரம். "தள்ளுது"ன்னாங்க. கழுத்துல மஞ்ச மஞ்சளாப் பொருக்குக் கட்டுச்சு. "தள்ளுது"ன்னாங்க. ஸ்கூல்ல, மத்த குழந்தைக பயந்துக்கறாங்க, சரியானதும் கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், வெளிய ஒரு தோல் டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு. ஏதோ கெட்ட வார்த்தை பேசின மாதிரி என்னையப் பாத்தாங்க. "அண்ணன் வீட்டுல இருக்கறப்ப வெளிய காட்டறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?"ன்னாங்க.

மாமாகிட்ட நேராவே ஒரு தடவை கேட்டுப் பாத்தேன், மேல ஏதாச்சும் பூசலாமான்னு. கோவமே படலைங்க. பொறுமையாத்தான் சொன்னாங்க. "வெளிய பூசினா தோலு பளிச்சுன்னு ஆயிரும் கண்ணு. ஆனா நோவு எங்க போகும்? உள்ள போகும். நெஞ்சுக்குப் போயி மூச்சைப் புடிச்சுக்கும். அப்ப நீ என்ன பண்ணுவே?"ன்னாங்க.

ஆடி கடைசில காய்ச்சல் வந்துருச்சு. நூத்தி மூணு. கையத் தொட்டாக் கத்தறா. மாமா அன்னைக்கு ஏதோ கூட்டம்னு சேலம் போயிருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் மில்லுல. வசந்தாமணியக்காகிட்டத் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு, குழந்தையத் துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறிட்டேன். பஸ்ல ஒரு பொம்பள எங்களைப் பாத்துட்டு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போச்சு. அதைய இன்னும் மறக்கலைங்க.

தங்கச்சிதான் அந்தத் தோல் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. சின்ன வயசு. தனு கையப் பாத்ததும், "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணுனீங்க?"ன்னு கேட்டாங்க. "சீழ் புடிச்சுருக்குது. இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்"னாங்க. பத்து நாளைக்கு மருந்து. அப்புறம் ரெண்டு வாரம் பூசறதுக்கு ஒரு ஆயின்மென்ட், வர வரக் கொறைச்சுக்கணும், எப்பெப்ப பூசணும், எப்பெப்ப நிறுத்தணும்னு தாள்ல எழுதிக் குடுத்தாங்க. குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள தடவறதுக்கு ஒரு கிரீம், தெனமும் மூணு வேளை. நான் அவங்களைக் கேட்டேன்: "இது உள்ள போயி நெஞ்சைப் புடிச்சுக்குமா டாக்டர்?" சிரிக்கலைங்க அவங்க. "அப்பிடி யாரு சொன்னாங்க? போகாது. சொன்ன அளவுல பூசுங்க, மாசா மாசம் வந்து காட்டுங்க"ன்னாங்க. போகாதுன்னு அவங்க சொல்லிட்டாங்க. ஆனா இன்னைக்கும் தனு ரெண்டு தும்மல் சேந்தாப்ல போட்டா எனக்கு உசுரே போயிரும். தூங்கறப்ப மூச்சுல காது வெச்சுக் கேப்பேன்.

தங்கச்சி வீட்டுல பன்னெண்டு நாள் இருந்தோம். தோலு தோலாவே ஆயிருச்சுங்க. ஆறு வயசுல மொத மொத என்ற பொண்ணு கை எப்பிடி இருக்கும்னு பாத்தேன்.

சொல்லிரோணும்னுதான் வந்தேன். பஸ்ல வர்றப்பப் பூராவும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வந்தேன், "மாமா, மன்னிச்சுக்கோங்க, ஒரு தப்புப் பண்ணிட்டேன்"னு. கேட்டைத் தெறக்கறேன், மாமா முன்னாடி நிக்கறாங்க. தனு ஓடிப் போயிக் கைய நீட்டுனா. மாமா அந்தக் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பிடியே வாசப்படில உக்காந்துட்டாங்க. "தள்ளி முடிச்சிருச்சு ரேணுகா. பாத்தியா? முடிச்சிருச்சு." கண்ணுல பொலபொலன்னு தண்ணி. நான் அவங்க அழுது பாத்ததே இல்லை. அக்காவக் கூப்புட்டாங்க, எங்க வீட்டுக்காரரைக் கூப்புட்டாங்க. எங்க வீட்டுக்காரர் அண்ணன் கால்ல உழுந்துட்டாங்க. நான் நடுவுல நிக்கறேன், பையி கையில, பையிக்குள்ள ஆயின்மென்ட். அப்பச் சொல்ல முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உட்டேன்.

ஒரு வருசம் மூணு மாசம் ஆச்சு.

எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் ஒரு நாள் சொன்னேன். "இப்ப நல்லாத்தான இருக்கறா?"ன்னாங்க. ஆமான்னேன். "அப்ப உடு"ன்னுட்டு சட்டைய மாட்டிட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டாங்க. அதோட சரி.

தனுகிட்டச் சொல்லித்தான ஆகோணும்? பூசறது அவளுக்குத்தான. பாத்ரூம்ல வெச்சுப் பூசுவேன், தண்ணியத் தெறந்து உட்டுட்டு. "பெரியப்பாகிட்டச் சொல்லக் கூடாது கண்ணு. பெரியம்மாகிட்டச் சொல்லக் கூடாது. சொன்னாப் பெரியப்பா அழுவாங்க"ன்னேன். ஒரே தடவைதாங்க சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் வாய் தவறுனதில்ல. முந்தியெல்லாம் வாயாடி, ஸ்கூல்ல டீச்சர் சீலை என்ன கலருன்னுகூட வந்து சொல்லுவா. இப்ப எது கேட்டாலும் "ஒண்ணுமில்லை"ன்னுருவா. பொறுமை வந்துருச்சுங்க அவளுக்கு. நெகத்தைக் கடிக்கறா, அது ஒண்ணுதான். அதுக்கும் மாமா ஒரு மருந்து குடுத்துட்டு இருக்கறாங்க.

கோயமுத்தூர்ல டாக்டருங்க கூட்டம் ஒண்ணு நடந்துது. மாமா இவளைக் கூட்டிட்டுப் போயி மேடைல ஏத்தினாங்க. பழைய போட்டோவத் திரைல போட்டுக் காட்டிட்டு, "இதுதான் அந்தக் குழந்தை"ன்னாங்க. தனு சட்டைக் கைய மேல ஏத்திட்டு எல்லாருக்கும் காட்டினா. என்ன மருந்து பாப்பா சாப்பிட்டேன்னு ஒருத்தர் கேட்டாரு. "பெரியப்பா குடுத்த உருண்டை"ன்னா. மைக்கைப் புடிச்சு, கணீருன்னு. கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அதுக்கப்புறந்தான் கூட்டம். நீங்க மேல பாத்திருப்பீங்களே, செவுத்துல அஞ்சு போட்டோ, முன்னாடி எப்பிடி, இப்ப எப்பிடின்னு. மொத போட்டோ தனு.

ரெண்டாவது போட்டோவுல இருக்கற பையன் மடத்துக்குளம். அந்தப் பையனோட அம்மாவும் உங்க மாதிரித்தான் எறங்கி வந்துது. அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க. தனுவைக் காட்டினேன், மோர் குடுத்தேன், அனுப்பிச்சுட்டேன். மூணு மாசம் கழிச்சு மாடிப்படில வெச்சு அந்தப் பொண்ணை மறுபடியும் பாத்தேன். பையன் ரெண்டு கண்ணும் வீங்கித் தெறக்கவே முடியலை. கழுத்துல ஈ மொய்க்குது. அந்தப் பொண்ணு என்னையப் பாத்துச் சிரிச்சுட்டு, "தள்ளுதாமுங்க்கா. உங்க பாப்பா மாதிரி ஆயிரும்லங்க?"ன்னு கேட்டுது.

அன்னைக்கு நான் சோறு திங்கலை. மறுநாளு அவங்க ஊருக்கே பஸ் ஏறிப் போயி, வீட்டைத் தேடிக் கண்டுபுடிச்சு, அந்த டாக்டரம்மா அட்ரஸைக் குடுத்துட்டு, கையப் புடிச்சுட்டுச் சொன்னேன். "இங்க போ. இன்னைக்கே போ. ஆனா ஒரு வார்த்தை எங்க மாமா காதுக்குப் போயிரக் கூடாது. மாசம் ஒரு தடவை இங்கயும் வந்துரு. உருண்டைய வாங்கிக்க. ஒண்ணும் பண்ணாது அது." அந்தப் பொண்ணு அப்பிடியே பண்ணுச்சு. பையன் தேறிட்டான். மாமா மறுபடியும் கண் கலங்கினாங்க. ரெண்டாவது போட்டோவ மாட்டினாங்க.

மத்த மூணும் நான் சொல்லித்தாங்க. நான் சொல்லச் சொல்ல குழந்தைக தேறுது. குழந்தைக தேறத் தேற மாடிக்குக் கூட்டம் ஏறுது. சொல்லாம உட்டா அந்தப் பையன் கண்ணுதான் ஞாபகத்துக்கு வருது. சொன்னா, இன்னும் பத்துப் பேரு இவங்களை நம்பிட்டு வர்றாங்க. எல்லாரும் என்ற கிட்ட எறங்கி வர்றாங்களா? சிலரு அவசரத்துல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நேராப் போயிர்றாங்க. அவங்கெல்லாம் என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது. வெசனமா இருக்குங்க. மாமா கெட்டவங்க இல்ல. யாருகிட்டயும் அதட்டிக்கூடப் பேச மாட்டாங்க. நம்பித்தான் பண்றாங்க. அந்த நம்பிக்கைய வளத்து உட்டதே நாந்தான, அதைய எப்பிடிப் புடுங்கறது?

இந்தாங்க, இந்தத் தாளை வெச்சுக்கோங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுலிருந்து நடக்கற தூரந்தான். தென்காசி மருந்துக் கடைக்கு எதுத்தாப்லன்னு கேட்டீங்கன்னா காட்டுவாங்க. சாயங்காலம் அஞ்சுலிருந்து எட்டு வரைக்கும் இருப்பாங்க. இன்னைக்கே போயிருங்க. குழந்தை கழுத்துல நீர் கோக்குது பாருங்க, நாளைக்குன்னு உடாதீங்க. நான் சொன்னேன்னு அங்க சொல்ல வேண்டாம். இங்க சொல்லவே வேண்டாம். மாமா குடுக்கறதையும் வாங்கிக்கோங்க. மாசா மாசம் வந்து காட்டுங்க. தேறினதும் போட்டோ கேப்பாங்க, குடுத்துருங்க. சந்தோசப்படுவாங்க.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க?

வேன் சத்தம். வந்துட்டா பாருங்க. வா கண்ணு, பைய அங்க வெச்சுட்டு இங்க வா. ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. பாத்தீங்களா, நான் சொல்லவே இல்லை, அவளாவே சட்டைக் கைய ஏத்தறா. திரும்பு, முழங்காலுக்குப் பின்னாடியும் காட்டு. என்ன கண்ணு? என்ற காதுல சொல்லோணுமா? சொல்லு.

ஐயோ சாமி! என்ன கேக்கறா தெரியுங்களா? "இவங்ககிட்டச் சொல்லலாமா, சொல்லக் கூடாதாம்மா?"ன்னு கேக்கறா. ஏழு வயசுதாங்க. எத்தனை வெவரம் பாருங்க. எனக்கெல்லாம் அந்த வயசுல ஒண்ணுமே தெரியாது.

ஸ்ஸ்... படில காலடிச் சத்தம். மாமா எறங்கி வர்றாங்க. அந்தத் தாளைக் குழந்தை துணிக்கு அடியில வெச்சுக்கோங்க. கண்ணத் தொடைச்சுக்கோங்க.

வாங்க மாமா. ஆமாங்க மாமா, தனுவைப் பாத்துட்டாங்க. நல்லாப் பாத்துட்டாங்க. எல்லாஞ் சொல்லிட்டனுங்க மாமா.